வெறும் சுவரை அளப்பது

பழைய கட்டடங்களை அளந்து, வரைபடம் போட்டு, எங்கே என்ன பழுது என்று குறித்துக் கொடுப்பது என் தொழில். பிழைப்பு இங்கிலாந்தில். முந்நூறு, நானூறு வருஷத்துக் கட்டடங்களில் அங்கே இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், கும்பிடுகிறார்கள். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் ஒரு ஜன்னலை மாற்றுவதற்குக்கூட முன்கூட்டியே வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதனால் எங்களுக்கு வேலை வற்றுவதில்லை.

தேவாலயங்களை அளந்திருக்கிறேன், பிரபுக்களின் மாளிகைகளை அளந்திருக்கிறேன், பாதி சரிந்த களஞ்சியங்களையும் அளந்திருக்கிறேன். இவற்றில் எதுவும் என்னைத் திணறடித்ததில்லை. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூடங்களான மீட்டிங் ஹவுஸ்கள்தான் திணறடித்தன. காரணம், அவற்றில் ஒன்றுமே இல்லை. பலிபீடம் கிடையாது, பிரசங்க மேடை கிடையாது, சிலுவை கிடையாது, மணி கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. வெள்ளையடித்த சுவர், கண்ணாடி ஜன்னல், பெஞ்சு. அவ்வளவுதான்.

சிற்பம் நிறைந்த தூணில் ஒரு மூலை உடைந்தால் பக்கத்துத் தூணைப் பார்த்து நிரப்பிவிடலாம். அலங்காரத்தில் அலையும் கண்ணுக்குப் பழுதுபார்த்த இடம் தெரியாது. வெறும் சுவரில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. புதுச் சாந்து ஒரு கை அகலத்துக்கு மட்டம் தப்பினாலும், வெள்ளை வேட்டியில் விழுந்த சாம்பார்த் துளியாக அறைக்குள் நுழைகிற அத்தனை பேர் கண்ணிலும் அதுதான் முதலில் படும். எளிமையான கட்டடத்தைக் கட்டுவதே கடினம். பழுதுபார்ப்பது அதைவிடக் கடினம் என்பது இத்தனை வருஷ வேலையில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம்.

முன்பு என்னிடம் உதவியாளராக ஒரு மதுரைப் பையன் இருந்தான். யார்க் நகரில் பாதுகாப்புக் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவன், கெட்டிக்காரன். முதல் முறை ஒரு மீட்டிங் ஹவுஸுக்குள் கூட்டிப்போனபோது சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல வரையறதுக்கு என்ன இருக்கு? மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம்" என்றான். "முடிப்பா, பார்க்கலாம்" என்றேன். சாயங்காலம் இருட்டும்போது அவன் ஒரு சுவரைக்கூட முடித்திருக்கவில்லை. லேசர் ஸ்கேனர் பத்து நிமிஷத்தில் அறையின் வடிவத்தை விழுங்கிவிடும். ஆனால் எந்தப் பெஞ்சு இடம் மாறியது, எந்தப் பலகை பிறகு வந்தது, தரையில் அடைத்த ஆணித் துளை எந்தக் காலத்தது என்பதையெல்லாம் அது சொல்லாது. அதற்குத் தரையில் முட்டி போட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட கட்டடங்கள் எப்படி வந்தன என்று சொல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது விளங்காது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போர் ஓய்ந்த இங்கிலாந்தில், லெஸ்டர்ஷயரின் ஒரு நெசவாளி மகன் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஊர் ஊராக நடந்து பேசினார். கடவுளை அறியப் பாதிரியார் வேண்டாம், சடங்கு வேண்டாம், ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு வெளிச்சம் உண்டு என்றார். தேவாலயத்தைத் தேவாலயம் என்றே அவர் சொல்லமாட்டார். ஊசிக்கோபுர வீடு என்று ஏளனமாகச் சொல்வார். அவரைப் பின்பற்றியவர்கள் கூடி மௌனமாக உட்காருவார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று உள்ளே எழுந்தால் அவர், ஆணோ பெண்ணோ, எழுந்து பேசுவார். பேச யாரும் எழாவிட்டால் கூட்டம் மௌனத்திலேயே முடியும். இன்றைக்கும் பிரிட்டனில் அப்படித்தான்.

இதற்குக் கட்டடம் எதற்கு? ஆரம்பத்தில் அவர்களும் கட்டவில்லை. வீட்டுக் கூடத்தில், களஞ்சியத்தில், தோப்பில் கூடினார்கள். 1652 ஜூனில் ஃபர்பாங்க் ஃபெல் என்ற மலைச் சரிவில் ஒரு பாறையின்மேல் ஏறி ஃபாக்ஸ் பேசியபோது ஆயிரம் பேர்வரை கூடியதாகச் சொல்கிறார்கள். குவேக்கர் இயக்கம் அங்கேதான் இயக்கமாக உருப்பெற்றது. பக்கத்திலேயே ஒரு சிற்றாலயம் இருந்தது, அவர் உள்ளே போகவில்லை.

பிறகு அடக்குமுறை வந்தது. 1662-இல் குவேக்கர்களைக் குறிவைத்தே ஒரு சட்டம். 1664-இலும் 1670-இலும் அரசுத் திருச்சபைக்கு வெளியே, வீட்டார் போக ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடக் கூடாது என்று சட்டங்கள். இதில் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1670-இல் லண்டனின் ஹார்ஸ்லிடவுன் மீட்டிங் ஹவுஸை இடிக்க அரசவை உத்தரவு போட்டது. அந்த வேலை அரசின் கட்டடத் துறைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெயர் கிறிஸ்டபர் ரென். ஆமாம், செயின்ட் பால் பேராலயத்தை வடிவமைத்த அதே ரென். இடித்த பிறகும் குவேக்கர்கள் அந்த இடிபாடுகளின் மேலேயே வந்து கூடினார்கள். சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். அதே ஆண்டு கிரேஸ்சர்ச் தெருவில் மீட்டிங் ஹவுஸ் கதவைச் சிப்பாய்கள் மறித்து நின்றதால், பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென் தெருவிலேயே நின்று பேசிக் கைதானார். அவரைக் குற்றவாளி என்று சொல்ல ஜூரிகள் மறுத்தார்கள். ஜூரிகளையே அடைத்துவைத்துப் பட்டினி போட்டார்கள். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற சட்ட நெறி அந்த வழக்கைத் தொடர்ந்து பிறந்தது. பூட்டிய ஒரு கதவால் வந்த வினை.

குவேக்கர் கூட்டத்துக்கென்றே கட்டப்பட்டு இன்றும் அதற்கே பயன்படும் கட்டடங்களில் உலகிலேயே பழையது ஹெர்ட்ஃபோர்டில் இருக்கிறது. அது கட்டப்பட்ட ஆண்டும் அதே 1670. கூடினால் அபராதம், சிறை என்று இருந்த வருஷத்தில் துணிந்து கட்டியிருக்கிறார்கள். 1689-இல் சகிப்புச் சட்டம் வந்த பிறகு பதிவு செய்துகொண்டு வெளிப்படையாகக் கூட முடிந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை: கூட்டம் நடக்கும்போது கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது.

இவர்களின் கட்டடங்கள்மேல் எனக்கு ஈடுபாடு வந்தது இங்கிலாந்துக்குப் போய் அல்ல. கட்டடக்கலை மாணவனாக இருந்தபோது திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களைப் போய்ப் பார்ப்பது எங்களுக்கு ஒரு யாத்திரை. பர்மிங்ஹாமில் பிறந்த பேக்கர் ஒரு குவேக்கர்; சீனாவில் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தவர். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பூசாத செங்கல் சுவர், தேவையில்லாத எதையும் கட்டாத பிடிவாதம் எல்லாம் காந்தியிடமிருந்து மட்டும் வந்தவை அல்ல, பேக்கர் சிறுவயதில் பழகிய நாட்டிலும் அதற்கு ஒரு வேர் உண்டு என்பது வடக்கு இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அங்கே பார்த்தது பிரிக்ஃபிளாட்ஸ். கம்ப்ரியாவில் செட்பர் என்ற சிற்றூருக்கு மேற்கே, ராத்தே ஆற்றங்கரையில் ஒரு குக்கிராமம். ஒரு காலத்தில் ஆளிநார் நெசவாளிகள் வாழ்ந்த இடம். 1652-இல் ஃபாக்ஸ் மலைக்குப் போகும் முன் இங்கேதான் ஒரு வீட்டில் தங்கினார். முதலில் 1656-இல் இடுகாட்டுக்கு நிலம் வாங்கினார்கள், பிறகு 1675-இல் மீட்டிங் ஹவுஸைக் கட்டினார்கள். வட இங்கிலாந்தில் இதுதான் மிகப் பழையது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தரத்தைப் பட்டியலில் உள்ள கட்டடங்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் கொடுப்பார்கள்.

நெருங்கிப் போனால் ஒரு பண்ணை வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றும். வெள்ளையடித்த கல்சுவர், கல் சட்டம் பிரித்த ஜன்னல்கள், கல்பலகை வேய்ந்த கூரை, முன்னால் இரண்டு தட்டு உயரத்தில் ஒரு முகப்பு, அதில் 1675 என்று ஆண்டு. கட்டியவர்களுக்குத் தெரிந்த கட்டடம் வீடும் களஞ்சியமும்தான். புதிய வழிபாட்டுக்குப் புதிய வடிவம் தேடி அவர்கள் அலையவில்லை. எனக்கு இது மிகப் பிடித்திருந்தது. புது மதம் என்றாலே புதுக் கோபுரம் என்று நினைக்கிற உலகத்தில், கை பழகிய வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கல்பலகைகள் ஒரே அளவானவை அல்ல. இறவாரத்தில் பெரியவை, மேலே போகப்போகச் சிறியவை, முகட்டில் மிகச் சிறியவை. ஒவ்வொன்றும் மரஆணியில் தொங்கும். பலகைகளுக்கு இடையில் காற்றும் பனியும் புகாமலிருக்கப் பாசியைத் திணிப்பது அந்த வட்டாரத்து வழக்கம். இப்படி ஒரு கூரையைப் பிரித்து மேய வேண்டுமானால் பலகைகளை நீளவாரியாகத் தரையில் அடுக்கி, உடைந்தவற்றை ஒதுக்கி, எந்த அளவில் எத்தனை குறைகிறது என்று கணக்குப் பார்த்த பிறகுதான் மேலே ஏற முடியும். குறைகிற பலகைக்குப் புதுக் கல் கிடைப்பது பெரும்பாடு. பழைய சுரங்கங்கள் பல மூடிக் கிடக்கின்றன. பலகையின் கனத்தைத் தாங்கும் உத்தரங்களும் ஓக் மரம்தான். இந்த மாதிரிக் கூரைகளின் உத்தரங்களில் தச்சர்கள் உளியால் ரோமன் எண்களைச் செதுக்கியிருப்பார்கள். கீழே தரையில் பொருத்திப் பார்த்துவிட்டு மேலே ஏற்றும்போது ஜோடி மாறக்கூடாது அல்லவா? பரணில் தவழ்ந்து போய், தூசியைத் துடைத்து, அந்த எண்களைப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

பிரிக்ஃபிளாட்ஸின் உள்ளே போனால் மரம். ஓக் பலகைச் சுவர், மரத்தூண்கள், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்த மேல்மாடம், அதற்குக் கடைந்தெடுத்த கிராதி. ஒரு பக்கம் சற்று உயர்த்திய பலகை மேடையில் கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. மூத்தவர்களும் அடிக்கடி பேசக்கூடியவர்களும் உட்காருமிடம் அது. மாடிப்படியின் அடியில் ஒரு சின்ன மரக்கூண்டு. நாய்களுக்கு! மலைப் பண்ணைகளிலிருந்து ஆட்டு நாய்களோடு நடந்து வந்தவர்கள் அவற்றை அங்கே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். கட்டடக்கலைப் புத்தகங்கள் பெரிய தத்துவமெல்லாம் பேசும். எனக்கு அந்த நாய்க்கூண்டு போதும். யார் வருவார்கள், எப்படி வருவார்கள், கூட எதைக் கூட்டி வருவார்கள் என்று யோசித்துக் கட்டிய கட்டடம் அது.

அங்கே நான் வேலையாகப் போகவில்லை, சும்மா பார்க்கத்தான் போனேன். இருந்தாலும் சட்டைப்பையில் டேப் இருந்தது. உள்ளே இருந்த ஓர் அம்மையார் அதைக் கவனித்துவிட்டு, "அளப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்களேன்" என்றார். உட்கார்ந்தேன். அன்று முதல் எந்த மீட்டிங் ஹவுஸில் வேலை என்றாலும் அப்படித்தான் தொடங்குகிறேன். இதில் பக்தி ஒன்றுமில்லை, தொழில்தான். தரை வரைபடம் போடும்போது கட்டடத்தைச் சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் குறுக்கே வெட்டியதாகக் கற்பனை செய்துகொண்டு வரைவோம். பெஞ்சில் உட்கார்ந்தவரின் கண்ணும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் பல மீட்டிங் ஹவுஸ்களில் ஜன்னலின் அடிக்கட்டை கண்ணுக்கு மேலே நிற்கும். வெளிச்சம் வரும், வானம் தெரியும், தெருவில் போகிறவர் தெரியமாட்டார். நின்றுகொண்டே அளக்கிறவனுக்கு இது பிடிபடாது. தாழ்வான கூரையும் பலகைச் சுவரும் எதற்கு என்பதும் உட்கார்ந்தால்தான் தெரியும். குரலை உயர்த்திப் பழக்கமில்லாத ஒரு கிழவி கடைசி பெஞ்சிலிருந்து பேசினாலும் எல்லோருக்கும் கேட்க வேண்டும். உயரமான கல் மண்டபத்தில் அந்தக் குரல் எதிரொலித்துக் கலைந்துபோகும்.

சிமென்ட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு மீட்டிங் ஹவுஸின் சுவரில் ஈரம் ஏறுகிறதென்று என்னைக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் வெளிச்சுவர் முழுக்கச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலடித்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் போர்வைக்குள் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அது உள்ளே திரும்பிப் பலகைச் சுவரின் பின்னால் தங்கி, சுவருக்குள் புதைந்திருந்த உத்தரங்களின் முனையைத் தின்றுகொண்டிருந்தது. உளி முனையால் அழுத்தினால் மரம் ஈரக் கேக்காக உள்வாங்கியது. சிமென்ட்டைச் சிறு உளிகொண்டு கையால் கொத்தி எடுத்து, சுவரைப் பல மாதம் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, பல கோட்டு வெள்ளையடித்தோம். கூட்டத்தாரில் ஒருவர், "இவ்வளவு செலவழித்தும் முன்பு இருந்த மாதிரியேதானே இருக்கிறது?" என்று கேட்டார். அதுதானே வேலை!

மீட்டிங் ஹவுஸில் இயந்திர நுட்பம் என்று ஒன்று உண்டென்றால் அது நடுத்தடுப்பு. ஆண்களும் பெண்களும் சேர்ந்து மௌனத்தில் உட்காருவார்கள்; நிர்வாகக் கூட்டத்தை மட்டும் அந்தக் காலத்தில் தனித்தனியாக நடத்தினார்கள். அதற்காக அறையைக் குறுக்கே பிரிக்கும் மரப் பலகைகள். சில இடங்களில் பக்கவாட்டில் மடங்கும். சில இடங்களில் கயிறும் எடைக்கட்டையும் வைத்து மேலே ஏற்றுவார்கள். பரணில் உருளை வைத்துச் சுற்றி ஏற்றும் ஏற்பாடும் உண்டு. பெண்களுக்குச் சொந்தமாக நிர்வாகக் கூட்டம், சொந்தமாகக் கணக்கு, சொந்தமாக எழுத்தர் என்பதெல்லாம் 17-ஆம் நூற்றாண்டிலேயே நடந்த விஷயம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'படிநிலையே இல்லாத கட்டடக்கலை' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளந்து பாருங்கள், தெரியும். மூத்தவர்களின் மேடை மற்றவர்களைவிட இரண்டு மூன்று படி உயரம். இங்கிலாந்தில் நான் அளந்த இடங்களில் பெண்களின் பக்கம் பெரும்பாலும் சிறியது. இதைச் சரிசெய்தவர்கள் அமெரிக்கர்கள். பென்சில்வேனியாவின் பக்கிங்ஹாமில் 1768-இல் கட்டிய மீட்டிங் ஹவுஸில் நடுத்தடுப்புக்கு இருபுறமும் சரிசமமான இரண்டு பாதிகள், இரண்டு பக்கமும் தனித்தனி வாசல். அந்த வட்டாரத்தில் அடுத்த பல தலைமுறைக்கு அதுவே மாதிரியாகிவிட்டது. ஃபிலடெல்ஃபியாவின் ஆர்ச் தெரு மீட்டிங் ஹவுஸ் அளவில் மிகப் பெரியது. 1803 முதல் 1805 வரை கட்டியது. வில்லியம் பென் 1701-இல் இடுகாட்டுக்காகக் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. கட்டியவர் ஓவன் பிடில் என்ற குவேக்கர் தச்சர். 1805-இல் இளம் தச்சர்களுக்காக ஒரு பாடப்புத்தகமும் எழுதி வெளியிட்டார், அடுத்த வருஷமே இறந்துபோனார். மூத்தவர்களின் மேடையைப் பொறுத்தவரை காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்று பிரிட்டனில் பல இடங்களில் பெஞ்சுகளை வட்டமாகவோ சதுரமாகவோ போட்டுக்கொண்டு நடுவில் ஒரு மேசை வைத்துவிட்டார்கள். உயர்ந்த மேடை காலியாகக் கிடக்கிறது.

லண்டனுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஜோர்டன்ஸ். 1688-இல் கட்டிய செங்கல் கட்டடம். 1718-இல் இறந்த வில்லியம் பென்னைத் தன் இரண்டு மனைவியரோடும் அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் கல்லைப் பார்த்து 'இதுதான் பென்னின் சமாதி' என்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆரம்பகாலக் குவேக்கர்கள் கல்லறைக்குக் கல் வைக்கவில்லை, அதுவும் ஒரு பெருமை என்று விலக்கினார்கள். 1850-இல்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிய கல் வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஜோர்டன்ஸில் இருக்கும் கற்கள் அதற்குப் பிறகு நட்டவை.

2005 மார்ச்சில் ஜோர்டன்ஸில் தீப்பிடித்தது. 17-ஆம் நூற்றாண்டுக் கூரை ஏறத்தாழ முழுக்கப் போய்விட்டது. கீழே கூட்ட அறை நெருப்புக்குத் தப்பியது, தீயணைத்த தண்ணீரில் நன்றாக நனைந்தது. கரிந்த கூரையைப் பழைய முறைப்படி எழுப்பி, பலகைகளையும் சாந்தையும் பொறுமையாகக் காயவைத்து, 2008-இல் மறுபடி திறந்தார்கள். நனைந்த பழைய மரத்தை அவசரப்பட்டு ஹீட்டர் வைத்துக் காயவைத்தால் முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும், அதனால் இந்த வேலையில் காத்திருப்பதும் ஒரு செலவுக் கணக்கு. எங்கள் வட்டாரத்தில் ஜோர்டன்ஸின் புதுக் கூரையை நல்ல வேலை என்றுதான் சொல்கிறோம். உள்ளே போய் உட்காருகிறவருக்குத் தீப்பிடித்த கதையைச் சொன்னால்தான் தெரியும்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறையக் குறைய மீட்டிங் ஹவுஸ்கள் சில கைமாறுகின்றன, வீடாகின்றன, அலுவலகமாகின்றன. வீடாக்குகிறவர்கள் முதலில் கழற்றுவது பெஞ்சையும் நடுத்தடுப்பையும்தான். அவை போய்விட்டால் மிஞ்சுவது ஒரு வெறும் அறை. அதை அளக்க என்னைக் கூப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன்.

லண்டன் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் மேரிலபோன் நிலையத்தில் ரயிலேறி ஜோர்டன்ஸுக்குப் போய்வாருங்கள். வடக்கே போக முடிந்தால் பிரிக்ஃபிளாட்ஸுக்கும். ஞாயிறு காலைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், என்ன மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் கைகுலுக்குவார்கள், பிறகு தேநீர் தருவார்கள். அந்த நேரத்தில் தடுப்புப் பலகைகளை அசைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார்கள்.